கன்ட்ரோல் பேனல்: லைசென்ஸில் ஏமாந்தவரும் அவசரப்பட்டவரும்

கேள்வி: 1 ஜிபி ரேம் விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வர்), மூன்று சின்ன வேர்ட்பிரஸ் தளங்கள். தளங்களை நிர்வகிக்க சிபேனல் என்ற கட்டணக் கன்ட்ரோல் பேனலைப் போடலாமா?

பதில்: வேண்டாம். டெபியன் லினக்ஸில் ஹெஸ்டியா என்ற இலவசப் பேனலைப் போடுங்கள். நிறுவும்போதே கிளாம்ஏவி என்ற வைரஸ் ஸ்கேனர் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். இருக்கிற ரேமை அது ஒன்றே தின்றுவிடும்.

கேள்வி: மலிவாகக் கிடைத்ததென்று வெளியாள் ஒருவரிடம் சிபேனல் லைசென்ஸ் வாங்கினேன். அவர் தந்த ஸ்கிரிப்டை ரூட்டில் (சர்வரின் முழு அதிகாரத்தோடு) ஓட்டச் சொன்னார். இப்போது பேனல் திறக்கவில்லை, ஆளும் பதில் தருவதில்லை.

பதில்: அசல் என்று சத்தியம் பண்ணித்தான் விற்றிருப்பார். உங்களை நொந்துகொள்ளாதீர்கள். அசல் லைசென்ஸ் சர்வரின் பொது ஐபியோடு கட்டப்பட்டது. அதற்கு வெளியாள் ஸ்கிரிப்ட் எதுவும் வேண்டியதில்லை. சிபேனலின் சரிபார்ப்புப் பக்கத்தில் ஐபியைக் கொடுத்தால் உண்மை தெரிந்துவிடும்.

பணத்தைவிடப் பெரிய தலைவலி அந்த ஸ்கிரிப்ட். ரூட்டில் ஓடியது எதையெல்லாம் ஒளித்து வைத்ததென்று கண்டுபிடிக்க முடியாது. பழைய சர்வரைச் சுத்தம் செய்ய மெனக்கெடாமல், புது சர்வர் எடுங்கள். தளக் கோப்புகளை ஆர்சிங்க் கருவி மூலமும் டேட்டாபேஸை மைஎஸ்க்யூஎல்டம்ப் கருவி மூலமும் எடுங்கள். மெயில் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே இருக்கும். பழையதிலிருந்து கிரான்ஜாப் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலை), எஸ்எஸ்எச் சாவி (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் சாவி) எதுவும் வரக்கூடாது. அப்லோட்ஸ் ஃபோல்டரில் பிஎச்பி கோப்பு இருந்தால் அழித்துவிடுங்கள். டேட்டாபேஸ் உட்பட எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

கேள்வி: நாங்கள் ஹோஸ்டிங் மறுவிற்பனை செய்பவர்கள். சிபேனலின் 30 கணக்குத் திட்டத்தில் இருந்தோம். 31ஆவது சேர்ந்ததும் பில் எகிறிவிட்டது. நியாயமா?

பதில்: நியாயமில்லை, ஆனால் விலைப்பட்டியலில் இருப்பதுதான். 2019 வரை சர்வருக்கு ஒரு கட்டணம், கணக்கு எத்தனை வேண்டுமானாலும். அந்த ஆண்டு முதல் கணக்கு எண்ணிக்கைக்கு ஏற்பக் கட்டணம் என்று ஆக்கிவிட்டார்கள். சர்வரும் உங்களுடையது, வாடிக்கையாளரும் உங்களவர். நீங்கள் வளர்ந்தால் அவர்களுக்கு ஏன் கூலி? முடக்கி வைத்த கணக்கும் எண்ணிக்கையில் சேரும் என்பது இன்னும் எரிச்சல். பணம் கட்டாமல் போனவரின் கணக்கை பேக்கப் எடுத்துவிட்டு அழியுங்கள்.

செலவைக் குறைக்கிறேனென்று பல வாடிக்கையாளரை ஒரே கணக்கில் ஆட்ஆன் (கூடுதல்) டொமைனாகத் திணிக்காதீர்கள். எல்லாக் கோப்பும் ஒரே லினக்ஸ் யூசரின் பேரில் இருக்கும். ஒரு தளத்தை உடைத்தவன் மற்றதையும் எழுதுவான். இன்னொரு கட்டணப் பேனலான பிளெஸ்க் எண்ணுவது டொமைனை: 10 வரை, 30 வரை, வரம்பில்லாதது என்று மூன்று திட்டம். ஒப்பிடும்போது இதைக் கவனியுங்கள். 'ஆயுள் முழுக்க' லைசென்ஸ் என்று யாராவது விற்றால், யாருடைய ஆயுள் என்று கேளுங்கள்; நான் வாங்கிய ஒன்று விற்றவரோடு போய்ச் சேர்ந்தது.

கேள்வி: என்ஜின்எக்ஸ் (தளங்களைப் பரிமாறும் வெப் சர்வர் மென்பொருள்) ஓடிக்கொண்டிருந்த சர்வரிலேயே சிபேனல் நிறுவினேன். தளங்கள் போய்விட்டன. எப்படி நீக்குவது?

பதில்: நீக்க வழியில்லை, ஓஎஸ்ஸை மறுபடி ஏற்ற வேண்டியதுதான். புதிதாக ஏற்றிய ஓஎஸ்ஸில் மட்டும் நிறுவச் சொல்லி ஆவணத்திலேயே எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன் ஸ்நாப்ஷாட்டாவது (சர்வரின் முழு நகல்) எடுத்தீர்களா?

கேள்வி: இலவசப் பேனல் பாதுகாப்பானதா?

பதில்: 2024 அக்டோபரில் சைபர்பேனல் என்ற இலவசப் பேனலில் லாகின் இல்லாமலே ரூட் கிடைக்கும் ஓட்டை வெளியானது, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தது. எந்தப் பேனலானாலும் நிர்வாகப் போர்ட்டை உங்கள் ஐபிக்கு மட்டும் திறந்து வையுங்கள்: டபிள்யூஎச்எம் (சிபேனலின் சர்வர் நிர்வாகப் பகுதி) 2087, பிளெஸ்க் 8443, ஹெஸ்டியா 8083.

கேள்வி: பேனலை மாற்றினால் மெயில் ஸ்பாமில் விழுவது நிற்குமா?

பதில்: நிற்காது. மெயிலை வாங்கும் சர்வர் பார்ப்பது ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸை (ஐபிக்கு உரிய பெயரைக் காட்டும் பதிவு); அது பேனலில் இல்லை, ஐபி கொடுத்தவரின் கையில் இருக்கிறது. அவரிடம் கேட்கும்போது, மெயில் வெளியே போகும் போர்ட் 25 திறந்திருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.