கடிகாரத்தைப் பார்த்தீர்கள், ஓட்டத்தைப் பார்த்தீர்களா?

கேள்வி: வலயமட்டப் போட்டியில் என் மகள் 800 மீற்றரில் முதலிடம். ஆனால் கைபேசியில் நான் பிடித்த நேரம் போன வருடத்தைவிட ஆறு விநாடி கூட. ஓடி முடித்ததும் புல்லில் விழுந்து படுத்துவிட்டாள். இலங்கை வீராங்கனை தருஷி கருணாரத்னவும் பாங்கொக்கில் 2:00.66 ஓடியவர், ஹாங்சோவில் 2:03.20 ஓடித்தான் தங்கம் எடுத்தார். மெதுவாக ஓடிக் கிடைக்கும் வெற்றி அதிர்ஷ்டம்தானே? பெண்பிள்ளைகளுக்கு இந்தத் தூரம் தேவைதானா?

– ஒரு தகப்பன், சுன்னாகம்

பதில்: அதிர்ஷ்டம் இல்லை, ஐயா. 2023 ஆசிய விளையாட்டு விழாவின் அந்த இறுதி ஓட்டத்தில் மூன்றாவதாக வந்த சீனாவின் வாங் சுன்யு, டோக்கியோ ஒலிம்பிக்கில் 1:57.00 ஓடி ஐந்தாமிடம் பெற்றவர். உங்கள் கணக்குப்படி தங்கம் அவருக்குத்தான் போயிருக்க வேண்டும். அவரையும் இந்தியாவின் ஹர்மிலன் பெய்ன்ஸையும் பின்னால் விட்டு வந்தவர் நம் நாட்டின் 18 வயதுப் பிள்ளை. முதல் மூவருக்கும் இடையே 0.70 விநாடிதான். 2002க்குப் பிறகு ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்குக் கிடைத்த முதல் மெய்வல்லுநர் தங்கம் அது.

பதக்கத்துக்கான ஓட்டத்தில் யாரும் முன்னால் போக விரும்புவதில்லை. முன்னால் ஓடுபவர் காற்றைக் கிழிக்க, பின்னால் வருபவர்கள் அவருடைய மறைவில் பலத்தைச் சேமிக்கிறார்கள். பணப்பரிசுப் போட்டிகளில் வேகம் பிடித்துக் கொடுக்கவென்றே கூலிக்கு ஒருவரை ஓட விடுவார்கள். ஒலிம்பிக்கிலும் ஆசிய விளையாட்டிலும் அப்படி யாரும் இல்லை. 2016 ரியோவில் பெண்களுக்கான 1500 மீற்றரைப் பாருங்கள். கென்யாவின் ஃபெயித் கிப்யேகோன் தங்கம் வென்ற நேரம் 4:08.92. அந்த வருடமே அவர் 3:56.41 ஓடியிருந்தார். அவருக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தவர், அப்போதைய உலக சாதனையாளர் கென்செபே டிபாபா. ரியோவில் கிப்யேகோன் வென்றது மெதுவான ஓட்டம் என்று இன்றைக்கு யாராவது குறை சொல்கிறார்களா? அவரே பிறகு தாயாகித் திரும்பி வந்து, 2025இல் 3:48.68 ஓடி உலக சாதனையை இன்னும் கீழே கொண்டு போனார்.

உங்கள் மகள் எந்தப் பாதையில் ஓடினாள் என்று கவனித்தீர்களா? முதல் வளைவு முடிந்து எல்லோரும் உள்ளே வந்த பிறகு, மிச்ச மூன்று வளைவுகளிலும் ஒரு பாதை வெளியே தள்ளி ஓடினால் பதினொரு மீற்றருக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டும். அவள் வயதுப் பிள்ளைகளின் வேகத்தில் அதுவே ஏறத்தாழ இரண்டு விநாடி. உள்ளே அடைபடாமல் இருக்க அவள் தெரிந்தே வெளியே ஓடியிருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

நம் பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளை எத்தனையோ வருடங்களாகப் பார்த்து வருகிறேன். இல்ல அலங்காரத்துக்கு இரவிரவாகப் பிள்ளைகள் விழித்திருப்பார்கள். அணிநடைக்குக் கிழமைக்கணக்கில் ஒத்திகை நடக்கும். பெண்களின் 800 மீற்றர் தொடங்கினால் பெற்றோர் ஐஸ்கிறீம் வாங்கப் போய்விடுவார்கள். முதல் சுற்றில் யார் பொறுமையாக இருந்தாள், யார் எங்கே வேகம் எடுத்தாள் என்று பார்க்க ஆளில்லை. அந்தப் பிள்ளைகள் வெறுங்காலோடு, சுண்ணாம்புக் கோட்டை மட்டும் நம்பி ஓடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

புல்லில் விழுந்தது பற்றி. 1928 ஆம்ஸ்ரர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முதலாக 800 மீற்றர் ஓடினார்கள். ஜேர்மனியின் லீனா ராட்கே உலக சாதனையோடு வென்றார். இறுதி ஓட்டத்தில் ஓடிய ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தார்கள். ஆனால் பத்திரிகைகள், பெண்கள் பாதி வழியில் சுருண்டு விழுந்தார்கள் என்று பொய் எழுதின. அதைக் காரணம் காட்டி 1960 வரை, 32 வருடங்கள், ஒலிம்பிக்கில் பெண்களுக்கு அந்தத் தூரமே இல்லை. 1500 மீற்றருக்கு 1972 வரை காத்திருந்தார்கள். ஆண்கள் ஓடி முடித்துப் படுத்தால் ‘உயிரைக் கொடுத்து ஓடினான்’ என்கிறோம். கடைசி 200 மீற்றரில் மூச்சால் ஈடுகட்ட முடியாத வேகத்தில் ஓடுபவர்களுக்குக் கால்கள் கல்லாகிவிடும். சில நிமிடம் கிடந்து எழும்புவார்கள். ஓடும்போது மயங்கினாலோ நெஞ்சு நொந்தாலோ தாமதிக்காமல் வைத்தியரிடம் கொண்டு போங்கள். மற்றப்படி தண்ணீர் கொடுத்து, கொஞ்சம் நடக்க விடுங்கள்.

தேவைதானா என்று என்னைக் கேட்டீர்கள். ஓடுகிறவள் அவள்; அவளைக் கேளுங்கள்.

மாகாணமட்டப் போட்டிக்குப் போகும்போது கைபேசியைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். முடியுமானால் கடைசி வளைவுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். முன்னூறு மீற்றர் மிச்சமிருக்கும்போது அவள் எத்தனையாவதாக வருகிறாள், முன்னால் போக வழி வைத்திருக்கிறாளா என்று பாருங்கள். வீடு திரும்பும் வழியில் அதைப் பற்றி அவளோடு கதையுங்கள்.