சேற்றில் ஓடிவிட்டு பீர் குடிக்கலாமா டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 41. டெக்சாஸில் ஐ.டி. வேலை. அடுத்த மாதம் கல்லூரி நண்பனும் நானும் ஒரே அணியாக 'டஃப் மடர்' ஓடப் போகிறோம். 15 கிலோமீட்டர், வழியெல்லாம் சேறும் தடைகளும். ஓடி முடித்தால் தலைப்பட்டையும் ஒரு பீரும் தருவார்கள். உண்மையைச் சொன்னால் நாங்கள் ஓடுவதே அந்த பீருக்காகத்தான்! பீரில் உப்பு இருக்கிறது, வியர்வையில் போனதை ஈடுகட்டிவிடும் என்கிறான் நண்பன். ஓடும் முன் இரண்டு ஐபுபுரூஃபென் போட்டுக்கொண்டால் வலியே தெரியாதாம். நான் பிரஷருக்கு தினமும் லோசார்டன் 50 மி.கி. சாப்பிடுகிறேன். பீர் குடிக்கலாமா?

பதில்: பிரஷர் கட்டுக்குள் இருந்து, உங்கள் மருத்துவரும் ஓடச் சம்மதித்தால், ஒரு பீர் குடித்துக்கொள்ளுங்கள். அதைவிட அந்த இரண்டு மாத்திரைதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

முதலில் பீர். 'பீர் உடம்புக்குக் குளிர்ச்சி', 'கிட்னி கல்லைக் கரைக்கும்' என்று நம் ஊரில் சொல்வார்கள். உங்கள் நண்பர் சொல்வதும் அந்த வகைதான். 355 மில்லி கேன் ஒன்றில் சோடியம் ஏறக்குறைய 15 மில்லிகிராம் இருந்தால் அதிகம். ஒரு லிட்டர் வியர்வையில் போவதோ சுமார் ஒரு கிராம் (ஆளுக்கு ஆள் மாறும்). கணக்கு எங்கே உதைக்கிறது பார்த்தீர்களா? ஆல்கஹால் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனையும் அடக்கிவிடும், குடித்ததில் ஒரு பங்கு உடனே வெளியேறும். 1997இல் வெளியான ஓர் ஆய்வில், வியர்த்துக் களைத்தவர்களுக்குக் கொடுத்த பானத்தில் 2 சதவீத ஆல்கஹால் இருந்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 4 சதவீதம் ஆனபோது ரத்தத்தின் நீர் அளவு மீளத் தாமதமானது. ஆகவே முதலில் தண்ணீர், உப்பு போட்ட மோர், ஏதாவது சாப்பாடு. ஒருமுறை சிறுநீர் கழித்து, நிறம் வெளிறியிருந்தால் அப்புறம் பீர். திரும்பும்போது வண்டி ஓட்டுபவருக்கு அதுவும் வேண்டாம்.

இனி மாத்திரை. உடம்பில் தண்ணீர் குறையும்போது சிறுநீரகம் ஒரு தந்திரம் செய்யும். உள்ளே வரும் ரத்தக்குழாயை விரித்து, வெளியே போகும் குழாயைச் சுருக்கி, வடிகட்டத் தேவையான அழுத்தத்தைத் தக்கவைக்கும். ஐபுபுரூஃபென் அந்த விரிவைத் தடுத்துவிடும். லோசார்டன் அந்தச் சுருக்கத்தைத் தளர்த்திவிடும். வயலுக்குத் தண்ணீர் வரும் மடையை ஒருவர் அடைக்க, வடிகாலை இன்னொருவர் திறந்துவிட்ட கதைதான். சாதாரண நாளில் சிறுநீரகம் சமாளித்துக்கொள்ளும். மூன்று மணி நேரம் வெயிலில் வியர்த்து, தசைகள் நைந்து, அந்தக் கழிவும் வந்து சேரும் நாளில் சமாளிக்காமல் போகலாம். ஐபுபுரூஃபென் வேண்டவே வேண்டாம், ஓடிய பிறகும்கூட. அன்று காலை லோசார்டன் எப்போது போடுவது என்பதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். மறுநாள் சிறுநீர் கோலா நிறத்தில் வந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மின்கம்பிகள் தொங்கும் தடை ஒன்று உண்டு. எந்தத் தடையையும் சுற்றிக்கொண்டு போக அனுமதி இருக்கிறது. பிரஷர் உள்ள நீங்கள் அதைச் சுற்றிப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாத்திரைக்கு ஆசைப்படும் நண்பருக்கு இதயக் கோளாறு ஏதாவது இருந்தால் அவருக்கும் அதே பேச்சுதான்.

நீங்கள் கேட்காத ஒன்று: சேறு. 2012இல் நெவாடாவில் ஒரு கால்நடைப் பண்ணையில் நடந்த தடையோட்டத்துக்குப் பிறகு 22 பேருக்கு கேம்பிலோபாக்டர் கிருமியால் வயிற்றுப்போக்கு. சேற்றுத் தண்ணீரை விழுங்கியதுதான் காரணமாகத் தெரிந்தது. விழுந்தால் வாயை மூடிக்கொண்டு விழுங்கள்! கான்டாக்ட் லென்ஸ் போடுபவராக இருந்தால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள்? ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்து, சேற்றில் காயமும் பட்டால் மறுபடி போட வேண்டியிருக்கும். ஓடி முடித்ததும் குழாய்த் தண்ணீரில் சிராய்ப்புகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பீர் கையில் வருவது அதற்கப்புறம் இருக்கட்டும்.

எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரும் மண்ணும் எலிக்காய்ச்சலைக் கொண்டுவரலாம். மலேசியாவின் சபாவில் 2000ஆம் ஆண்டு நடந்த சாகசப் போட்டியில், பிறகு விசாரிக்கப்பட்ட 189 வீரர்களில் 80 பேருக்கு அதன் அறிகுறிகள் இருந்தன. நீங்கள் ஓடும் இடத்தில் அவ்வளவு ஆபத்து இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்தக் காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாள் கழித்துத்தான் வரும், சிலருக்கு ஒரு மாதம்கூட ஆகும். அதற்குள் சேற்றை மறந்துவிடுவீர்கள், ஃப்ளூ என்று நினைத்துக்கொள்வீர்கள். அந்த ஒரு மாதத்தில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியோ கண் சிவப்போ வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் சேற்றில் புரண்ட கதையை முதலில் சொல்லுங்கள்.