கொழும்பில் வேலைக்கு வந்திருக்கிறேன். அலைச்சறுக்கு (சர்ஃபிங்) பழக எங்கே போவது, எப்படித் தொடங்குவது?

சென்னையிலிருந்து வந்து வெள்ளவத்தையில் தங்கியிருக்கிறீர்கள், குளத்தில் மட்டுமே நீந்திப் பழக்கம், சனி ஞாயிறு தவிர நேரமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தொடங்குவதற்கு அது போதும். கால் தரையில் படாமல் 100 மீட்டர் நீந்தவும், பதறாமல் இரண்டு நிமிடம் மிதக்கவும் முடிந்தால் இறங்கலாம். முடியாவிட்டால் முதல் மாதத்தைக் குளத்திலேயே செலவிடுங்கள்.

வீட்டுக்கு எதிரே கடல் இருக்கிறதே என்று வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ மட்டும் இறங்கிவிடாதீர்கள். தண்டவாளத்தைத் தாண்டினால் கருங்கல் குவியல், கரை குறுகல், போதாக்குறைக்குக் கால்வாய்த் தண்ணீரும் அங்கேதான் வந்து கலக்கிறது. புதிதாகப் பழகுபவர் நூறு முறை விழுவார். விழுகிற இடம் மணலாக இருக்க வேண்டும். அகலமான குடா, மெதுவாகக் கூடும் ஆழம், அடியில் மணல் என்ற மூன்றும் கொழும்பிலிருந்து போய்வரும் தூரத்தில் ஒன்றாகக் கிடைப்பது தெற்குக் கரையிலுள்ள வெலிகமவில். ஹிக்கடுவை அதைவிடப் பக்கம்தான், ஆனால் அங்கே பல இடங்களில் அடியில் பவளப்பாறை. வெலிகமவுக்குப் பக்கத்திலுள்ள மிதிகமவும் அப்படித்தான். பாறையில் உரசிய காயம் இந்தச் சூட்டில் எளிதில் ஆறாது. அந்த இடங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பருவம் மிக முக்கியம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை தெற்குக் கரை உங்களுக்கானது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் அங்கே காற்று கடலிலிருந்து கரைக்கு அடித்து அலையைக் குலைத்துவிடும், நீரோட்டமும் முரடாகும். அதே காற்று நாட்டின் மறுபக்கத்தில், கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பையில், தரையிலிருந்து கடலை நோக்கி வீசி அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடிக்கும். அங்கே மே முதல் செப்டெம்பர் வரை பருவம். கொழும்பில் இருப்பவருக்கு இது பெரிய பேறு: ஒரு கரை மூடினால் மறு கரை திறக்கிறது.

அறுகம்பை தூரம்தான், 300 கிலோமீட்டருக்கு மேல். வார இறுதிக்குச் சரிவராது, நாலைந்து நாள் லீவு எடுத்துப் போக வேண்டும். ஆனால் உங்களைப் போன்றவருக்கு அங்கே ஒரு வசதி உண்டு. பக்கத்து ஊரான பொத்துவில் தமிழ் பேசும் ஊர், அதனால் தமிழில் கதைத்தே பழக்கக்கூடியவர்கள் கிடைப்பார்கள். அலை தலைக்கு மேல் வரும்போது தாய்மொழியில் கேட்கும் ஒரு சொல் உடனே உடம்பில் ஏறும். அங்கே பேபி பாயின்ட் போன்ற சிறிய அலை உள்ள இடங்களைக் கேளுங்கள். பெயர் பெற்ற மெயின் பாயின்ட் பாறை அடித்தளம், தேர்ந்தவர்களின் இடம். வெலிகமவில் சிங்களமும் ஆங்கிலமும்தான். மூத்தவரை ‘அய்யா’ என்றும் இளையவரை ‘மல்லி’ என்றும் கூப்பிடுங்கள். சிங்களத்தில் அவை அண்ணனும் தம்பியும்.

மாத்தறை போகும் கரையோர ரயில் வெலிகமவில் நிற்கும். கடுகதி (எக்ஸ்பிரஸ்) ரயிலைப் பிடிக்கக் கொழும்புக் கோட்டை நிலையத்துக்கே போய்விடுவது நல்லது. வாகனத்தில் போனால் தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் கொக்மாதுவ வெளியேற்றத்தில் இறங்குங்கள். வெள்ளிக்கிழமை இரவே போய்ச் சேர்ந்துவிடுங்கள், ஏனென்றால் அலை நன்றாக இருப்பது காலை 6:30 முதல் 9:30 வரைதான். வெயில் ஏறினால் கடற்காற்று எழுந்து அலை கலங்கிவிடும். போயா என்ற முழுநிலா நாள் விடுமுறையை ஒட்டிய நீண்ட விடுப்பில் கடலில் கூட்டம் நெரியும், புதியவருக்கு அது ஆபத்து.

பயிற்சியாளரிடம் காசைப் பற்றிக் கேட்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். ஒருவருக்கு எத்தனை மாணவர்? இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். அவரும் தண்ணீரில் கூட நிற்பாரா? பலகை வாடகை சேர்ந்ததா? பலகை 8 முதல் 9 அடி நீளமுள்ள, மேல்பக்கம் மெத்தென்ற ஃபோம் பலகையாக இருக்க வேண்டும். அழகாக இருக்கிறதென்று 6 அடிக் கண்ணாடியிழைப் பலகையை எடுப்பவர்கள் ஒரு வாரத்தில் இந்த ஆசையையே விட்டுவிடுகிறார்கள். சிறிய பலகை உங்களைச் சுமக்காது, அலைக்கு ஈடாக ஓடவும் ஓடாது.

இனி எல்லாரும் அவசரப்படும் இடத்துக்கு வருவோம். எழுந்து நிற்பதுதான் வித்தை என்று நினைக்கிறார்கள். படுப்பதுதான் வித்தை. படுத்திருக்கும் இடம் ஒரு சாண் பிசகினால் அதன் பிறகு செய்வது எதுவும் சரிவராது. பலகையின் நடுக்கோட்டில் தொப்புளும் மோவாயும் இருக்கட்டும், கால்கள் சேர்ந்திருக்கட்டும், நெஞ்சு லேசாக உயர்ந்திருக்கட்டும். இப்போது மூக்கைப் பாருங்கள், பலகையின் மூக்கை. அது தண்ணீருக்கு மேல் நாலைந்து சென்டிமீட்டர் நின்றால் சரி. அதற்கு மேல் தூக்கி நின்றால் பின்னால் படுத்திருக்கிறீர்கள், வால் அமுங்கி இழுத்துக்கொண்டே இருக்கும், அலை உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். மூக்கு தண்ணீரைத் தொட்டால் முன்னால் படுத்திருக்கிறீர்கள், அலை தள்ளியதும் மூக்கு குத்திக் கரணம் அடிப்பீர்கள். சரியான இடம் கிடைத்ததும் மோவாய்க்கு நேர் கீழே மெழுகுக் கட்டியால் ஒரு கோடு போடுங்கள். அடுத்த முறை தேட வேண்டாம், மோவாய் கோட்டுக்கு வந்தால் போதும்.

முதல் இரண்டு பாடமும் இடுப்பளவு தண்ணீரில், உடைந்து நுரையாக ஓடி வரும் அலையில்தான். நுரை மூன்று நான்கு மீட்டருக்கு வந்ததும் கரையைப் பார்த்துக் கைகளால் துடுப்புப் போடத் தொடங்குங்கள். விரல்களைச் சேர்த்து, கையை ஆழமாக இறக்கி, தொடை வரை இழுக்க வேண்டும். வால் தூக்கப்படுவதும் பலகை தானாக ஓடுவதும் தெரியும். அந்த நொடியில் எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் இன்னும் இரண்டு இழுப்பு இழுங்கள். அலை கைவிடுவதற்கு மிகப் பொதுவான காரணம் அந்த இரண்டு இழுப்புக் குறைவதுதான்.

பிறகு எழுவது. உள்ளங்கைகளை விலா எலும்புக்குப் பக்கத்தில் பலகையின் மேல் பதியுங்கள். ஓரத்தைப் பிடித்தால் பலகை அந்தப் பக்கமே சாயும். கையை நிமிர்த்தி நெஞ்சைத் தூக்கி, பின்கால் பாதத்தை ஊன்றி, முன்காலைக் கைகளுக்கு நடுவே கொண்டுவாருங்கள். முழங்காலை ஊன்றி எழும் பழக்கத்தை முதல் நாளே விடுங்கள், பிறகு அது போகவே போகாது. நின்றதும் இரண்டு பாதமும் நடுக்கோட்டைக் குறுக்காக மிதித்திருக்க வேண்டும், தோளகலம் விரிந்து, முழங்கால் நன்றாக மடங்கி. பார்வை கரையிலுள்ள தென்னை மரத்தில் இருக்கட்டும். காலைக் குனிந்து பார்த்தால் தலை போகும் பக்கம் உடம்பும் போகும்.

எந்தக் கால் முன்னால் என்று குழம்ப வேண்டாம். கண்ணை மூடி நிற்கும்போது யாரையாவது பின்னாலிருந்து மெல்லத் தள்ளச் சொல்லுங்கள். தடுமாறி எடுத்து வைக்கும் கால் பெரும்பாலும் முன்கால். காலில் கட்டும் கயிறு, அதாவது லீஷ், பின்காலுக்கு. வீட்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு நேர்கோடு போட்டு, தினமும் பத்துப் பத்தாக மூன்று முறை படுத்து எழுந்து பழகுங்கள். வெலிகமவுக்குப் போகுமுன் இரண்டு வாரம் இதைச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் முதல் நாளே வித்தியாசம் தெரியும்.

அடிபடுவது பெரும்பாலும் சொந்தப் பலகையால். உள்ளே நடக்கும்போது மூக்கு கடலைப் பார்க்க, பலகையைப் பக்கவாட்டில் வைத்து இழுத்துச் செல்லுங்கள். அலைக்கும் உங்களுக்கும் நடுவில் பலகை குறுக்காக இருந்தால் அது நேராக விலாவில் வந்து மோதும். விழும்போது தலைகீழாகப் பாயாமல் முதுகாலோ பக்கவாட்டிலோ தட்டையாக விழுங்கள். மேலே வரும்போது முன்னங்கைகளால் தலையை மூடிக்கொண்டு வாருங்கள். லீஷை விரலில் சுற்றவே கூடாது. இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் கருத்த நிறத்தில் அமைதியாகத் தெரியும் தண்ணீர் பாதுகாப்பான இடமல்ல, கடலுக்குள் இழுக்கும் ஓட்டம் அது. இழுத்தால் எதிர்த்து நீந்தாதீர்கள். பலகையை விடாமல் கரைக்கு இணையாகத் துடுப்புப் போட்டு வெளியேறுங்கள், முடியாவிட்டால் பலகையிலேயே படுத்துக் கையை உயர்த்துங்கள்.

தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும், தடித்த உடை தேவையில்லை. ஆனால் முழுக்கை ரேஷ் கார்ட், அதாவது உடம்போடு ஒட்டிய நீச்சல் மேல்சட்டை, அவசியம், இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் வயிறும் நெஞ்சும் உராய்ந்து சிவந்துவிடும். பருத்திச் சட்டை தண்ணீரில் கனத்து இன்னும் மோசமாக உரசும். முகத்துக்குப் பூசும் சன்ஸ்கிரீனைக் கெண்டைக்காலின் பின்பக்கத்துக்கும் பூசுங்கள். குப்புறப் படுத்தே நேரம் போவதால் வெயில் அங்கேதான் சுடும். உங்கள் காப்புறுதியில் நீர் விளையாட்டு சேர்ந்திருக்கிறதா என்று இங்கே இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

பத்து நுரையலையில் எட்டில் நின்று கரை வரை வர முடிந்தால் உடையாத அலைக்குப் பயிற்சியாளருடன் போகலாம். அங்கே ஒரு சட்டம் உண்டு: அலை உடையத் தொடங்கும் முனைக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை. அவர் எழுந்துவிட்டால் நீங்கள் துடுப்பை நிறுத்திவிட வேண்டும். எந்தப் பதற்றத்திலும் பலகையை வீசிவிட்டு முங்காதீர்கள். லீஷின் நீளமும் பலகையின் நீளமும் சேர்ந்தால் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர், பின்னால் அந்த வட்டத்துக்குள் வேறொருவர் இருக்கக்கூடும்.