நிற்காமலே ஜெயிக்கிறவர்

கேள்வி: ஒரே ஒரு மில்லை நம்பிப் பிழைக்கிற ஊரில், மில்காரர் கை காட்டுகிற ஆள்தானே தலைவராக வருகிறார்? அப்புறம் உள்ளாட்சித் தேர்தல் எதற்கு?
– ஒரு வாசகர், ஹார்விபட்டி, மதுரை

பதில்: கை காட்டினால்கூடப் பரவாயில்லை. யாருடைய ஆள் என்று ஊருக்குத் தெரிந்துவிடும், அடுத்த முறை தோற்கடிக்கலாம். கெட்டிக்கார முதலாளி அந்த வேலைக்கே போக மாட்டார். தலைவராக யார் வந்தாலும் அவருக்குச் சம்மதம்தான். தனக்குத் தொல்லை தரும் விஷயம் கூட்டத்துக்கு வராமல் இருந்தால் போதும். அதையும் அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. 'கோபித்துக்கொண்டு ஆலையை மூடிவிட்டால்?' என்று உறுப்பினர்களே பயந்து அடங்கிவிடுவார்கள்.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கேரி என்று ஓர் ஊர். யு.எஸ். ஸ்டீல் கம்பெனி 1906-ல் தன் எஃகு ஆலைக்காகவே உண்டாக்கியது. உங்கள் ஊரைப் போலவே பெயரும் முதலாளி பக்கத்திலிருந்து வந்ததுதான்: கம்பெனித் தலைவர் எல்பர்ட் கேரி. பக்கத்து ஊர் ஈஸ்ட் சிகாகோவிலும் எஃகு ஆலைகள் உண்டு, ஆனால் ஒரே முதலாளியின் ஊர் அல்ல அது. புகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே 1949-ல் வந்துவிட்டது. கேரியில் வர 1962 ஆயிற்று. இந்த 13 வருஷமும் கம்பெனி மல்லுக்கு நின்றதா என்றால், இல்லை. பெரும்பாலும் வாயைத் திறக்காமல் இருந்தது, அவ்வளவுதான்.

சரி, மதுரைக்கு வருவோம். 1892-ல் தொடங்கிய ஹார்வி மில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அப்படியும் 1952-ல், சிறையில் இருந்தபடியே பி. ராமமூர்த்தி மதுரை வடக்கில் ஜெயித்தார். 1957-ல் கே.டி.கே. தங்கமணி மதுரை எம்.பி. ஆனார். இருவரும் கம்யூனிஸ்டுகள், தொழிற்சங்கக்காரர்கள். மில்காரர் கை காட்டிய ஆட்களா இவர்கள்? தேர்தல் எதற்கு என்கிறீர்களே, இதற்குத்தான். தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது. அதோடு, மதுரை மில்லை மட்டும் நம்பிய ஊரும் இல்லை. கோயில், கோர்ட், சந்தை, தறி என்று பிழைக்க வேறு வழியும் இருந்தது.

அந்த வழி இல்லாத ஊர் நிஜமாகவே யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமா? வேட்பாளர் பட்டியலை விடுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, மன்றத் தீர்மானங்களைக் கேளுங்கள். ஆலையின் சொத்து வரி, கழிவுநீர், ஆழ்துளைக் கிணறு இவையெல்லாம் எத்தனை முறை விவாதத்துக்கு வந்தன என்று எண்ணிப் பாருங்கள். (ஆலை கட்டிக் கொடுத்த நிழற்குடைக்கு நன்றி சொன்ன தீர்மானத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.)