அலைச்சறுக்கு பழக விரும்பும் வடசென்னை வாசகர்களுக்கு: கேள்வி – பதில்

சென்ற இதழில் வெளியான கிழக்குக் கடற்கரை அலைச்சறுக்கு (சர்ஃபிங்) பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டு வடசென்னையிலிருந்து பல வாசகர்கள் எழுதியிருந்தார்கள். பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: என் வீட்டிலிருந்து கடல் ஐந்து நிமிட நடை. அலைச்சறுக்கு பழக வேண்டும் என்றால் எல்லோரும் சென்னைக்குத் தெற்கே கோவளத்துக்குப் போகச் சொல்கிறார்கள். அலை இங்கேயும்தானே அடிக்கிறது? – கல்லூரி மாணவர், திருவொற்றியூர்

பதில்: அலைக்கு உங்கள் பகுதியில் பஞ்சமே இல்லை, பஞ்சம் மணலுக்குத்தான். புதிதாகப் பழகுகிறவர் பலகையில் ஏறும் ஏறக்குறைய எல்லா முறையும் விழுவார் என்பதால், அவர் முதலில் பார்க்க வேண்டியது தாம் விழப்போகும் தரையை. மெல்லச் சரிந்து செல்லும் மணற்பரப்பும், இடுப்பளவு நீரும், தொலைவிலேயே உடைந்து நுரையாகக் கரை நோக்கி உருண்டு வரும் சிறிய அலையும் அமைந்த இடமே பழகுவதற்கு உகந்தது. காசிமேட்டுக்கு வடக்கே எண்ணூர் நோக்கிச் செல்லும் கரையில் இப்படிப்பட்ட இடம் அரிதாகிவிட்டதற்குக் காரணம் உண்டு.

சென்னைக் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி மணலைச் சுமந்து செல்கிறது. 1875-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1881-ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து, மீண்டும் கட்டி முடிக்கப்பட்ட துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலை வழிமறித்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றுகொண்டே போக, வர வேண்டிய மணல் வராததால் இராயபுரம் தொடங்கி வடக்கே கரை அரிக்கப்பட்டது. வீடுகளையும் சாலையையும் காப்பாற்றுவதற்காகக் கருங்கற்களைக் கொட்டிச் சுவர் எழுப்பினார்கள். பிறகு கடலுக்குள் நீளும் கல்வரிசைகளான தூண்டில் வளைவுகளை அமைத்தார்கள். ஊரைக் காப்பதற்கு அவை தேவைப்பட்டன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பலகையிலிருந்து தலைகுப்புற விழுகிறவருக்கு அந்தக் கற்கள் எமன்.

தூண்டில் வளைவுகளுக்கு நடுவே ஆங்காங்கே மணல் சேர்ந்திருக்கிறதே, அங்கே பிள்ளைகள் குளிக்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். அலைகள் கரையில் கொண்டுவந்து குவிக்கும் நீர் எப்படியும் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். அது பெரும்பாலும் கல்வரிசையை ஒட்டியே வேகமான ஓட்டமாக வெளியேறும். பலகையோடு இருப்பவரை அந்த ஓட்டம் முதலில் கற்களின் ஓரத்துக்கும் பிறகு ஆழத்துக்கும் இழுத்துச் செல்லும். சரிந்து விழுந்த கற்கள் நீருக்கடியில் எங்கே கிடக்கின்றன என்பதும் மேலிருந்து பார்த்தால் தெரியாது. எண்ணூர் முகத்துவாரத்துக்கு அருகே இறங்க எண்ண வேண்டாம்; கொசஸ்தலை ஆற்றின் ஓட்டம் ஒருபுறமிருக்க, 2017-இல் கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பர் வெள்ளத்தின்போதும் எண்ணெய் படர்ந்த பகுதி அது. மெரினாவிலோ கரையை ஒட்டியே ஆழம் தொடங்குகிறது, அலை கரையிலேயே அறைந்து உடைகிறது, கடலில் குளிப்பதற்குத் தடையும் இருக்கிறது.

ஆகவே உங்களுக்குச் சொன்னவர்கள் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் பல ஆண்டுகளாகப் பயிற்சியகங்கள் இயங்குகின்றன. கோவளத்தின் பாறை முனையில் உடையும் அலை பழகியவர்களுக்கானது. புதியவர்களை மணற்கரைப் பகுதியில்தான் இறக்குவார்கள். விடியற்காலையில் அங்கே இருக்க வேண்டும் என்பதால், முந்தைய இரவே தெற்கே உள்ள உறவினர் வீட்டில் தங்கிக்கொள்ள முடிந்தால் அது பெரிய உதவி. உங்கள் வீட்டருகே உள்ள கடல் வீணில்லை: கற்சுவரின்மேல் பாதுகாப்பாக அமர்ந்து அலை எங்கே எழுகிறது, எத்தனை அலைகளுக்குப் பின் ஓய்கிறது, நீர் எந்த இடுக்கில் திரும்புகிறது என்று கவனித்துப் பழகுங்கள். பயிற்சி வகுப்பின் ஒரு மணி நேரத்தில் கிடைக்காத அறிவு அது.

கேள்வி: பதின்மூன்று வயதான என் மகள் அலைச்சறுக்கு பழக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். அவளுக்கு நீச்சல் தெரியாது. பலகைதான் மிதக்குமே, அதைப் பிடித்துக்கொண்டால் போதாதா? பெண் பிள்ளைகள் பழகுகிறார்களா? – இல்லத்தரசி, கொருக்குப்பேட்டை

பதில்: போதாது, அம்மா. பலகையையும் காலையும் இணைக்கும் கயிறு அறுந்துபோவதுண்டு. அந்த நேரத்தில் நீச்சலைத் தவிர வேறு துணை இல்லை. இடுப்பளவு நீரில் பயிற்சியாளர் உடனிருக்கும் முதல் வகுப்புக்கு நீச்சல் தெரியாதவர்களையும் சில இடங்களில் சேர்த்துக்கொள்கிறார்கள் என்றாலும், முதலில் ஒரு நீச்சல் குளத்தில் சேர்த்து, நிற்காமல் இருநூறு மீட்டர் நீந்தவும், கால் தரையில் படாத இடத்தில் பதற்றமின்றிச் சில நிமிடங்கள் மிதக்கவும் வந்தபின் கடலுக்கு அனுப்புங்கள் என்பதே எங்கள் கருத்து. பிடிவாதம் உண்மையானதுதானா என்பதும் அந்த மாதங்களில் தெரிந்துவிடும்.

பயிற்சியகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டணத்தை மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர்கள், அவருக்கு உயிர்காப்புப் பயிற்சி உண்டா, கடல் சரியில்லாத நாளில் வகுப்பை நிறுத்துவார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தயங்கிப் பதில் சொல்கிற இடத்தை விட்டுவிடலாம். பெண்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவின் முதல் தொழில்முறை அலைச்சறுக்கு வீராங்கனை என்று அறியப்படும் இஷிதா மாளவியா கர்நாடகக் கடற்கரையில் பயிற்சியகமே நடத்தியவர். தேசியப் போட்டிகளில் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் தனிப் பிரிவுகள் இருக்கின்றன. முழுக்கை கொண்ட நீச்சல் மேற்சட்டையும் முழங்கால்வரை நீளும் கால்சட்டையும் அணிவதே வெயிலுக்கும் பலகையின் உராய்வுக்கும் நல்லது என்பதால், உடையைப் பற்றிய தயக்கமும் தேவையில்லை.

கேள்வி: நான் மீனவர் வீட்டுப் பையன். சிறு வயதிலிருந்தே மரப்பலகையில் படுத்து அலையில் வந்திருக்கிறேன். எனக்கும் வகுப்பு தேவையா? – காசிமேடு

பதில்: கடலைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தரப் பயிற்சியாளரிடம் அதிகம் இருக்காது. துறைமுகம் வருவதற்கு முன், கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகளிலும் கட்டுமரங்களிலும் ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவர்கள் இந்தக் கடற்கரையின் மக்கள்தான். கோவளத்தில் அலைச்சறுக்கைப் பரப்பிய மூர்த்தி மேகவனும் மீனவக் குடும்பத்தவரே. ஆனாலும் இரண்டு காரணங்களுக்காகச் சில வகுப்புகளுக்குப் போங்கள். படுத்து வருவது வேறு, கைகளை ஊன்றி ஒரே அசைவில் எழுந்து நிற்பது வேறு. அதைத் தவறாகப் பழகிவிட்டால் பிறகு திருத்துவது கடினம். அடுத்து, பலர் கூடும் இடத்தின் ஒழுங்குமுறை. அலை முதலில் உடையத் தொடங்கும் உச்சிக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை உரியது, அவர் பாதையில் குறுக்கிடக் கூடாது. அலை வரும்போது பலகையை விட்டுவிட்டு மூழ்கித் தப்பிக்கக் கூடாது, ஏனென்றால் பின்னால் இருப்பவரின் முகத்தில் அது மோதும். ஆசியப் போட்டியே 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் நடந்து, ரமேஷ் புதிஹால் இந்தியாவுக்கு வெண்கலம் பெற்றுத் தந்தார். உங்கள் வயதில் அந்த இலக்கு எட்டாத உயரத்தில் இல்லை.

கேள்வி: பழைய பலகை ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா? – இராயபுரம்

பதில்: ஆறடிக்கு உட்பட்ட கூர்முனைப் பலகையாக இருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். புதியவர்களுக்கு எட்டு அல்லது ஒன்பது அடி நீளமும் நல்ல அகலமும் மேற்புறத்தில் மென்மையான ஃபோமும் கொண்ட பலகையே ஏற்றது. முதல் சில மாதங்களுக்குப் பயிற்சியகத்தின் பலகையை வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். ஒன்பதடிப் பலகையை மாநகரப் பேருந்திலோ மெட்ரோவிலோ ஏற்றிச் செல்வது எப்படி என்பதையும் சற்று யோசியுங்கள்.

கேள்வி: எந்த மாதத்தில் தொடங்குவது? எந்த நாள் நல்ல நாள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? – தனியார் நிறுவன ஊழியர், வண்ணாரப்பேட்டை

பதில்: பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அடக்கமாக இருக்கும், அப்போது தொடங்குங்கள். அதன்பின் தென்மேற்குப் பருவக் காலத்தில் தெற்கிலிருந்து வரும் அலை வலுப்பெறும்போது, ஓரளவு பழகியவராக அதைச் சந்திக்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் வருகிற மாதங்கள், புதியவர்களுக்கு ஏற்றவை அல்ல. பெருமழைக்குப் பிறகு ஆறுகளும் கால்வாய்களும் கொண்டுவரும் கழிவு கடலில் கலந்திருப்பதால், வானம் வெளுத்த பிறகும் சில நாட்கள் காத்திருங்கள்.

நாளைத் தேர்ந்தெடுக்க, ஐதராபாத்தில் இயங்கும் இன்காய்ஸ் (இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம்) நிறுவனத்தின் கடல்நிலை முன்னறிவிப்பைப் பாருங்கள். அலையின் உயரத்தைப் போலவே இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட நேரமும் முக்கியம்: ஒரே உயரமாக இருந்தாலும், பன்னிரண்டு வினாடி இடைவெளியில் வருகிற அலைக்கு ஐந்து வினாடி அலையைவிட வலு அதிகம். ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கை வந்திருந்தால், காற்றே இல்லாமல் கடல் அமைதியாகத் தோன்றினாலும் இறங்காதீர்கள். தொலைதூரப் புயலில் பிறந்த பேரலைகள் முன்னறிகுறி இன்றிக் கரையேறும் நிலை அது. நேரத்தைப் பொறுத்தவரை, கடற்காற்று எழுந்து நீர்ப்பரப்பைக் குலைப்பதற்கு முன், அதாவது விடியலிலிருந்து ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

கேள்வி: கடல் உள்ளே இழுத்தால் என்ன செய்வது? – எர்ணாவூர்

பதில்: கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள், வலிமை மிக்கவர்களும் அப்படித்தான் களைத்து மூழ்குகிறார்கள். பலகையை விடாமல் அதன்மேல் படுத்துக்கொள்ளுங்கள். வெளியேறும் ஓட்டம் பெரும்பாலும் அகலம் குறைந்தது என்பதால், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் கைகளால் துழாவிச் சென்று, அலை நுரைத்து உடைகிற பகுதியை அடைந்துவிட்டால் அந்த அலையே உங்களைக் கரைக்குத் தள்ளும். அது முடியவில்லை என்றால் ஒரு கையை உயர்த்தி அசைத்தபடி மிதந்துகொண்டிருங்கள். பலகை இருக்கும்வரை நீங்கள் மூழ்கப் போவதில்லை. கரையில் இருப்பவர்கள் உணர்ச்சிவசப்பட்டுக் குதிக்காமல், மிதக்கக்கூடிய எதையாவது, காலித் தண்ணீர் கேனாக இருந்தாலும் சரி, எறிந்துவிட்டு, அருகில் உள்ள மீனவர்களைக் கூவி அழைத்து, 112 எண்ணுக்குத் தகவல் சொல்ல வேண்டும்.