கோடை முகாம் வேலைக்கு முகவர் கேட்கும் இரண்டரை லட்சம்

கேள்வி: எனக்கு 20 வயது. பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அமெரிக்காவில் ஒரு சிறுவர் கோடை முகாமில் ஒன்பது வாரங்களுக்கு ‘கேம்ப் கவுன்சிலர்’ வேலை இருப்பதாக ஒரு முகவர் கூறி, நியமனக் கடிதத்தின் நகலை அனுப்பியிருக்கிறார். கடிதத்தில் மொத்தச் சம்பளம் 1,800 டாலர் என்று இருக்கிறது; அவரோ மணிக்கு 15 டாலர் கிடைக்கும் என்கிறார். ‘சமையலறை உதவி’ என்றும் ஒரு வரி உள்ளது. முதலில் சுற்றுலா விசாவில் போய், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி இரண்டரை லட்சம் ரூபாய் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்ட வேண்டாம். சுற்றுலா விசாவில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்று அவர் சொன்ன அந்த ஒரு பேச்சே அவரை விட்டு விலகுவதற்குப் போதுமான காரணம். சுற்றுலா விசாவில் சென்றவர் அங்கே சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. வேலைக்குப் போகும் எண்ணத்தை மறைத்து, ஊர் சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொல்லி விசா வாங்கியது தெரியவந்தால், அந்த நாட்டுக்குள் நுழைவதற்கே நிரந்தரத் தடை விழக்கூடும். நாளை மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். முகவர் அன்றைக்குத் தொலைபேசியைக்கூட எடுக்கமாட்டார்.

ஆனால் வேலையே பொய் என்று எண்ணிவிடாதீர்கள். 1961-ஆம் ஆண்டின் கல்வி, பண்பாட்டுப் பரிமாற்றச் சட்டத்தின் கீழ் இயங்கும் ஜே-1 விசாவில் ‘கேம்ப் கவுன்சிலர்’ என்று தனிப் பிரிவே இருக்கிறது. 18 வயது நிறைந்த, ஆங்கிலத்தில் பேசிப் பழக வல்ல மாணவர்களும் ஆசிரியர்களும் குழந்தைகளோடு வேலை செய்தவர்களும் அதில் போகலாம். அதிகபட்சம் நான்கு மாதங்கள். இங்கே கவுன்சிலர் என்பவர் உளவியல் ஆலோசகர் அல்லர். ஒரு குடிலில் உள்ள சிறுவர்களை எழுப்புவது முதல் உறங்க வைப்பது வரை உடனிருந்து பார்த்துக்கொள்ளும் அண்ணனோ அக்காவோ போன்றவர். அமெரிக்க முகாம் சங்கத்தின் அளவுகோலின்படி, இரவு தங்கும் முகாம்களில் 9 முதல் 14 வயதுவரை உள்ள எட்டுச் சிறுவர்களுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும்.

இந்த விசாவுக்கு அடிப்படை முகவரின் கடிதமும் அல்ல, முகாமின் கடிதமும் அல்ல. அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஸ்பான்சர் அமைப்பு ஒன்று வழங்கும் டிஎஸ்-2019 என்ற படிவமே அடிப்படை. ஸ்பான்சர் உங்களை நேர்காணல் செய்திருக்க வேண்டும். உங்கள் ஆசிரியரிடமோ வேலை கொடுப்பவரிடமோ நற்சான்று வாங்கியிருக்க வேண்டும். நீங்கள் புறப்படும் முன்பே முகாமில் இடத்தை உறுதி செய்திருக்க வேண்டும். உங்கள் கேள்வியில் ஸ்பான்சரின் பெயரே இல்லை. முகவர் சொல்லவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயும் மகனும் என் மேசைக்கு எதிரே அமர்ந்து அந்தப் படிவத்தை நீட்டினார்கள். பணம் முழுவதையும் கட்டியாகிவிட்டது. பயணத்துக்குப் பன்னிரண்டு நாள்களே இருந்தன. படிவத்தின் இரண்டாம் கட்டத்தில் ஸ்பான்சரின் பெயரும் எண்ணும் சரியாக இருந்தன. நான்காம் கட்டத்தில் ‘கேம்ப் கவுன்சிலர்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘சம்மர் வொர்க் டிராவல்’ என்று அச்சாகியிருந்தது. அது மாணவர்கள் விடுமுறையில் வேறு வேலைகள் செய்வதற்கான பிரிவு. முகாம்களின் சமையலறைக்கும் துப்புரவுக்கும் ஆள் எடுப்பது அதன் வழியாகத்தான். அந்தப் பையன் நீச்சல் சொல்லிக்கொடுக்கப் போவதாக நினைத்துக்கொண்டிருந்தான். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் முன்னே நிற்கப் போகிறான் என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. அதுவும் நேர்மையான வேலையே. ஆனால் வேறொன்றைச் சொல்லி விற்றிருக்கக் கூடாது.

எனவே உங்கள் கடிதத்தில் உள்ள ‘சமையலறை உதவி’ என்ற வரியைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. கவுன்சிலர் பிரிவில் வருகிறவரைச் சமையல்காரராகவோ, பாத்திரம் கழுவுபவராகவோ, துப்புரவாளராகவோ, அலுவலகப் பணியாளராகவோ வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. அதே விதி, முகாம் வாழ்க்கையில் எல்லாக் கவுன்சிலர்களும் செய்கிற சில்லறை வேலைகள் இருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறது. சாப்பிட்ட பின் உங்கள் குடில் பிள்ளைகளோடு சேர்ந்து மேசையைத் துடைப்பது, தட்டுகளை அடுக்கிக் கொண்டுபோய்க் கொடுப்பது, குடிலைப் பெருக்குவது, முறை வரும் நாளில் பரிமாறுவது ஆகியவை எல்லாம் இந்த விலக்கில் அடங்கும்; அமெரிக்கக் கவுன்சிலரும் அதையேதான் செய்வார். காலையில் பிள்ளைகள் விளையாடப் போன பிறகு நீங்கள் மட்டும் சமையலறைக்கு அனுப்பப்பட்டு மதியம்வரை அங்கேயே நின்றால், அது விலக்கில் அடங்காது. என்றாவது ஒரு நாள் ஆள் வராததால் உதவுவது வேறு. வாரந்தோறும் அட்டவணையில் உங்கள் பெயர் அங்கே இருப்பது வேறு. பிள்ளைகள் உங்களோடு இருக்கிறார்களா, அமெரிக்கக் கவுன்சிலருக்கும் அதே முறை வருகிறதா என்ற இரண்டையும் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும்.

சம்பளத்தைப் பொறுத்தவரை கடிதத்தை நம்புங்கள், முகவரின் வாயை நம்பாதீர்கள். மணிக்கு 15 டாலர், வாரம் 40 மணி நேரம், ஒன்பது வாரம் என்று பெருக்கி 5,400 டாலர் என நீங்கள் கணக்குப் போட்டிருப்பீர்கள். அமெரிக்கக் கூட்டரசின் குறைந்தபட்ச ஊதியமான 7.25 டாலரைக் கொண்டு பெருக்கினாலும் 2,610 வரும். உங்களுக்கு எழுதியிருப்பதோ 1,800. இது மோசடி அல்ல. ஆண்டில் ஏழு மாதங்களுக்கு மேல் இயங்காத பொழுதுபோக்கு நிறுவனங்களுக்கு அந்தக் குறைந்தபட்ச ஊதிய விதியிலிருந்து கூட்டரசுச் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. ஆகையால் முகாம்கள் பருவத்துக்கு ஒரு மொத்தத் தொகை பேசுவதே வழக்கம். தங்குமிடமும் சாப்பாடும் அங்கேயே கிடைத்துவிடும். அதே வேலைக்கு அமெரிக்கக் கவுன்சிலருக்குக் கிடைப்பதற்கு நிகரான சம்பளமும் வசதிகளும் உங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்ற விதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஜே-1 விசாவில் குறுகிய காலம் போகும் உங்களிடம் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரிகளாக 7.65 சதவீதம் பிடித்தால், அதுவும் தவறு.

இனி அந்த இரண்டரை லட்சம். விசாக் கட்டணம் 185 டாலர். செவிஸ் என்ற பதிவுக் கட்டணம் கவுன்சிலர் பிரிவுக்கு 35 டாலர் மட்டுமே. மற்ற ஜே-1 பிரிவுகள் பலவற்றுக்கு அது 220 டாலர் என்பதால், அந்தத் தொகையைச் சொல்லி வாங்கி மிச்சத்தைப் பையில் போட்டுக்கொள்ளும் முகவர்களைப் பார்த்திருக்கிறேன். டிஎஸ்-2019 படிவத்தை வரவழைக்கக் கூரியர் செலவு என்று கேட்பவர்களும் உண்டு. 2023 முதல் அதை மின்னஞ்சலிலேயே அனுப்ப அனுமதி இருக்கிறது. இவை போக ஸ்பான்சரின் கட்டணம், காப்பீடு, விமானச் சீட்டு மூன்றும்தான் நியாயமான செலவுகள். ஒவ்வொன்றுக்கும் தனி ரசீது கேளுங்கள்.

எனக்கு ஆற்றாமை எழுவது இங்கேதான். தூதரகச் சாளரத்தில் நிற்கும் இருபது வயதுப் பிள்ளையிடம் படிப்பை முடிக்கத் திரும்பி வருவாயா என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். சமூக வலைத்தளக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொல்கிறார்கள். இந்தப் பிள்ளையிடம் நடுவில் நின்று எவ்வளவு பணம் வாங்கினார்கள் என்ற கேள்வியை யாரும் உருப்படியாகக் கேட்பதில்லை. தன் சார்பில் வேலை செய்யும் முகவரின் செயலுக்கு ஸ்பான்சரே பொறுப்பு என்று விதி எழுதிவிட்டு, அதை நிரூபிக்கும் சுமையைப் பாதிக்கப்பட்டவர் தலையில் வைத்திருக்கிறார்கள்.

முகவரிடம் ஸ்பான்சரின் பெயரை எழுத்தில் கேளுங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஜே-1 இணையதளத்தில் உள்ள ஸ்பான்சர் பட்டியலில் அந்தப் பெயர் கவுன்சிலர் பிரிவின் கீழ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், முகவர் கொடுத்த மின்னஞ்சல் முகவரியை விட்டுவிட்டு அந்த அமைப்பின் இணையதளத்தில் உள்ள முகவரிக்கே கடித நகலை அனுப்பி, இவர் உங்கள் பிரதிநிதிதானா, இந்த இடம் உறுதியானதா, சமையலறை உதவி என்பதன் பொருள் என்ன என்று மூன்றையும் கேளுங்கள். முகாம் உண்மையானது என்று தெரிந்தால், அங்கேயே நேரடியாகப் பேசிவிட்டு, ஆவணத்துக்கு மட்டும் ஸ்பான்சரை அணுகும் வழியும் சில அமைப்புகளில் உண்டு, செலவு குறையும். போவது முடிவானால், 1-866-283-9090 என்ற ஜே-1 அவசர உதவி எண்ணைத் தாளில் எழுதிப் பாஸ்போர்ட் உறைக்குள் வையுங்கள். பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று யார் கேட்டாலும் அந்தப் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.