பைக்கை அரிக்கும் சாலை உப்பு

கேள்வி: லண்டனில் வேலைக்குப் போய்வர 125 சிசி பைக் வைத்திருக்கிறேன். குளிர்காலத்திலும் தினமும் ஓட்டுகிறேன். வாங்கி ஒரு குளிர்காலம்தான் கடந்தது. அதற்குள் போல்ட் தலைகள் துருப்பிடித்து, எஞ்சினின் முன்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிட்டது. இத்தனைக்கும் ஞாயிறுதோறும் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவமும் கொண்டு கழுவி, கவர் போட்டு மூடித்தான் வைக்கிறேன். எங்கே தவறு?

பதில்: ஞாயிறு, வெந்நீர், சோப்பு, கவர். நான்குமே தவறு என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உறைபனி வரும் என்றால், சாலை வழுக்காமல் இருக்க இரவோடு இரவாக லாரிகள் சாலையில் தூவிவிட்டுப் போகும் பழுப்பு நிறத் தூள் பெரும்பாலும் பாறை உப்புதான். இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் உள்ள வின்ஸ்ஃபோர்டில் பூமிக்கடியில் வெட்டியெடுக்கிறார்கள். காய்ந்த உப்பால் பெரிய கெடுதல் இல்லை. ஈரம் சேர்ந்தால்தான் வினை. மழைக்காலத்தில் நம் வீட்டு உப்பு ஜாடி தானாகக் கசிந்து நிற்குமே, அதே கதைதான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக்கொள்ளும். இங்கிலாந்தின் குளிர்காலக் காற்று பெரும்பாலும் அதற்கு மேல்தான். மழையே பெய்யாவிட்டாலும் திங்களன்று ஒட்டிய உப்பு ஞாயிறு வரை ஈரமாகவே இருந்து உலோகத்தை அரிக்கிறது.

ஆகவே, உப்புச் சாலையில் ஓட்டிய அன்றைக்கே, வீடு திரும்பியதும் பச்சைத் தண்ணீரை ஊற்றி அலசிவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும், பளபளப்பு வேண்டாம். மட்கார்டின் உட்புறம், எஞ்சினின் முன்பக்கம், சைலன்சர் குழாய் எஞ்சினோடு சேரும் இடம் ஆகியவற்றில்தான் சேறு அப்பிக்கொள்ளும். சூடு அரிப்பை வேகப்படுத்தும் என்பதால் வெந்நீர் வேண்டாம். பாத்திரச் சோப்பு காப்புப் பூச்சை வழித்துவிடும். போதாக்குறைக்குப் பல திரவங்களில் உப்பே சேர்க்கிறார்கள். பிரஷர் வாஷரைச் சக்கர பேரிங், செயின் பக்கம் காட்டாதீர்கள்.

ஆனால் உண்மையான காப்பு அக்டோபரிலேயே தொடங்க வேண்டும். வண்டியை நன்றாகக் கழுவி, முழுக்கக் காயவிட்டு, துருத்தடுப்பு எண்ணெயைத் துணியில் தெளித்து உலோகப் பகுதிகளில் மெல்லிய படலமாகத் தடவுங்கள். விமானங்களுக்காக உருவாக்கிய ஏசிஎஃப்-50 என்ற எண்ணெயைத்தான் இங்கே பலர் வாங்குகிறார்கள். எனக்கும் அதுவே பிடிக்கும். பிரேக் டிஸ்க், அதை அழுத்திப் பிடிக்கும் பேட், டயர் ஆகியவற்றின் மீது ஒரு துளிகூடப் படக் கூடாது. தூசி ஒட்டி வண்டி அழுக்காகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் இன்னொரு முறை தடவ வேண்டியிருக்கும்.

செயினுக்கு எண்ணெய் விடச் சிறந்த நேரம் ஓட்டி முடித்து, அது இளஞ்சூட்டில் இருக்கும்போது. பிரேக்கை மட்டும் அலட்சியம் செய்யாதீர்கள். பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் பாகமான காலிப்பரின் பிஸ்டனைச் சுற்றி உப்பு சேர்ந்தால், பிரேக் லீவரை விட்ட பிறகும் பேட் விலகாது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, தரையைத் தொடாத சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பாருங்கள். தாராளமாகச் சுழலாமல் இறுக்கிப் பிடித்தால் காலிப்பரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். பழக்கம் இல்லையென்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

ஈரவண்டியைக் கவருக்குள் அடைப்பதைவிடக் கூரைக்கடியில் திறந்தபடி விடுவது மேல்.

எஞ்சினில் வெள்ளையாகப் பூத்திருப்பது பெயிண்டுக்கு அடியில் அலுமினியம் அரிபட்ட அடையாளம். இப்போதைக்கு எண்ணெய்ப் படலம் போட்டு அரிப்பை நிறுத்திவையுங்கள். சுரண்டிப் பெயிண்ட் அடிப்பதைக் கோடையில் பார்த்துக்கொள்ளலாம். துருப்பிடித்த போல்ட்டுகளுக்குப் பதிலாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால், மறையில் இறுகாமல் காக்கும் கிரீஸைத் தடவிவிட்டு முடுக்குங்கள். வெறுமனே முடுக்கினால் அலுமினியத்துக்குள் சிக்கிக்கொண்டு, அடுத்த முறை கழற்றும்போது தலை மட்டும் கையோடு வரும்.